ஒரு பக்கம் கேட்டுப் பாருங்கள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் ஒரு ரெக்கோடிங் பார் இருந்தது. வெற்றுக் கசெட்டையும் என்ன வேண்டுமென்று எழுதிய துண்டையும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். பள்ளிக்கூடம் முடித்த வருடம், யாரோ சொன்னதைக் கேட்டு, பீட்டில்ஸ் குழுவின் 'அபே ரோட்' ஆல்பத்தை, பக்கத்துக்கு அரை மணி ஓடும் ஒரு சி-60 கசெட்டில் பதியக் கொடுத்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால், முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது, பிற்பகுதியில் ஒரே கித்தார்ச் சுழலில் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. அடியில் காற்று இரைகிற மாதிரி ஒரு சத்தம் பெருத்துக்கொண்டே வருகிறது. இதோ உச்சம் என்று நினைக்கிற நேரத்தில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டியது போல நின்றுவிட்டது. ஒரு விநாடி ஒன்றுமில்லை. பிறகு ஒரு தமிழ்ப் படப் பாட்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனேன்.

"அண்ணே, பாட்ட பாதியில வெட்டிட்டு மிச்ச எடத்துல படப் பாட்டு போட்டிருக்கீங்க."

"தம்பி, ரெக்கோட்ல இருந்தத அப்படியே பதிஞ்சேன். கசெட்ல அஞ்சு நிமிசம் மிச்சம் இருந்துச்சு. சும்மா விட மனசு வரல்ல."

நான் நம்பவில்லை. அந்தக் கடைக்கே போகாமல் விட்டேன். பல வருடம் கழித்து ஒரு நண்பனிடம் சி.டி.யில் அதைக் கேட்டபோது, அதே இடத்தில் அதே வெட்டு! 1969இல் பீட்டில்ஸின் ஜோன் லெனனே டேப்பை அந்த இடத்தில் வெட்டச் சொன்னாராம். எல்.பி. இசைத்தட்டில் அது முதல் பக்கத்தின் முடிவு. கேட்பவர் எழுந்து போய், ஊசியைத் தூக்கி, தட்டைத் திருப்பிப் போட வேண்டும். திருப்பினால், ஜோர்ஜ் ஹரிசனின் சூரியன் வருகிற பாட்டு, இளவெயில் படுகிற மாதிரி மெல்லிய கித்தாருடன் தொடங்கும். அந்த வெட்டுக்கும் இந்த வெயிலுக்கும் நடுவில் எழுந்து நாலு அடி நடக்கிற நேரம் இருக்கிறதே, அதுவும் ஆல்பத்தில் சேர்த்தி. போனில் கேட்டால் அது கிடைக்காது. வெட்டு விழுந்த மறுகணமே வெயில் அடித்துவிடும்.

கடைக்கார அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அந்த இடத்தில் போன் கவர் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

பழைய, பெயர்பெற்ற ஆல்பங்களைக் கேட்டுப் பார்க்கலாம் என்று புதிதாக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு ராகம் பிடிபடாது. ஆர்மோனியத்தில் கை வைத்ததில்லை. வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதும் இரவில் படுக்கும் முன்பும் கேட்கிற ஆள், அவ்வளவுதான். ஆகவே இங்கே சொல்லும் அபிப்பிராயங்களை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருப்பேன்: இந்த ஆல்பங்களுக்கு அளவு பாட்டு அல்ல, பக்கம்.

பக்கம் எங்கிருந்து வந்தது

அந்தக் காலத்து 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் கொள்ளும். நீளமான இசை என்றால் நாலைந்து தட்டுகளாகப் பிரித்து, கல்யாணப் போட்டோ ஆல்பம் மாதிரி உறைகள் தைத்த ஒரு புத்தகத்தில் போட்டு விற்றார்கள். ஆல்பம் என்ற பெயர் அங்கிருந்து வந்தது. 1948இல் கொலம்பியா கம்பனி நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றும் எல்.பி.யைக் கொண்டுவந்ததும் ஒரு பக்கம் இருபது நிமிடத்தைத் தாண்டியது. ஒரு கதை சொல்ல அந்த நேரம் போதும். கேட்பவருக்குச் சலிப்பு வருமுன் முடிந்தும்விடும். 1963இல் பிலிப்ஸ் கொண்டுவந்த கசெட்டிலும் பக்கம் இருந்தது. 1982இல் சி.டி. வந்தது, பக்கம் போனது.

ஆகவே 1950களிலிருந்து 1980கள் வரையான ஆல்பம் ஒன்றை எடுத்தால், முதலில் பார்க்க வேண்டியது முதல் பக்கம் எந்தப் பாட்டோடு முடிகிறது என்பது. இணையத்தில் தேடினால் கிடைத்துவிடும். ஒரு துண்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் போனை நிறுத்தி, எழுந்து போய் ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து, மிச்சத்தைக் கேளுங்கள்.

போனை வழிக்குக் கொண்டுவருதல்

தேயிலைத் தோட்டத்துப் பக்கம் சிக்னலை நம்பிப் பாட்டுக் கேட்க உட்காரக் கூடாது. லயத்து வரிசை வீட்டின் முன்திண்ணையான இஸ்தோப்பில் ஒரு கோடு, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் இரண்டு கோடு, உள்ளே காம்பரா அறையில் ஒன்றுமில்லை. டவுனுக்குப் போகும் நாளில், நல்ல சிக்னல் உள்ள இடத்தில் நின்று முழு ஆல்பத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு போனில் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்.

பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிளை நிறுத்துங்கள். ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றும் கிராஸ்ஃபேடையும் நிறுத்துங்கள். பாட்டுகளுக்கிடையே வெற்றிடம் விடாமல் வாசிக்கும் வசதி இருந்தால் அதை மட்டும் போட்டுவையுங்கள், ஏனென்றால் சில ஆல்பங்களில் பாட்டும் பாட்டும் ஒட்டியே இருக்கும். நான்காவது, 'டீலக்ஸ்', 'ஆண்டு நிறைவு' என்று வரும் பதிப்புகளில் மூல ஆல்பம் முடிந்த பிறகு ஒத்திகை, மிச்சம் மீதி என்று இருபது பாட்டு ஒட்டியிருக்கும். மூலத்தின் கடைசிப் பாட்டோடு நிறுத்திவிடுங்கள். கடைக்காரர் மிச்ச இடத்தில் போட்ட படப் பாட்டும் இதுவும் ஒன்றுதான்.

ஹேண்ட்ஸ்ப்ரீ விஷயத்தில் பெரிய செலவு தேவையில்லை. இரண்டு காதிலும் வேலை செய்தால் போதும். ஒரு பக்கம் செத்துப்போன ஹேண்ட்ஸ்ப்ரீயில் 1960களின் ரெக்கோர்ட்டுகளைக் கேட்டால் பாதி ஆளைக் காணாது, ஏனென்றால் அப்போது மேளத்தை ஒரு காதிலும் குரலை மறு காதிலும் வைத்த பதிவுகள் நிறைய. போனைச் சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி வைத்துக் கேட்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. சத்தம் கூடும், உண்மைதான். ஆனால் அடிநாதம் செத்துவிடும். செய்தி கேட்க நல்லது.

இன்னொன்று மழை. தகரக் கூரையின் கீழ் இருப்பவருக்குத் தெரியும், தென்மேற்குப் பருவம் இறங்கினால் பக்கத்தில் பேசுகிறவர் குரலே கேட்காது. மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் இருந்தால் மெதுவான ஆல்பங்களைப் பனிக் காலத்துக்கு ஒதுக்குங்கள். பதுளை, பண்டாரவளைக்காரருக்குக் கணக்கு வேறு, அவர்களுக்கு வடகிழக்கு மழை.

எதிலிருந்து தொடங்குவது

பட்டியல் போட்டு 'சாகுமுன் கேட்க வேண்டிய ஆயிரம்' என்று பயமுறுத்துபவர்களை நம்பாதீர்கள். தெரிந்த வாசலால் உள்ளே போவதுதான் சுகம். நம் ஊர் பஸ் எல்லாவற்றிலும் இளையராஜா இருக்கிறார். ஆகவே அவருடைய 'ஹவ் டு நேம் இட்?' முதல் படியாக இருக்கட்டும். 1986இல் வந்தது. படமில்லை, பாடகர் இல்லை. தியாகராஜரையும் ஜெர்மானியர் பாஹையும் ஒரே மேசையில் உட்கார்த்திய இசை, முன்னால் நிற்பது வி. எஸ். நரசிம்மனின் வயலின். பஸ்ஸில் பாட்டுக்கு நடுவே வரும் இடையிசையைக் கேட்டு 'இதையே கொஞ்ச நேரம் வாசிக்கக் கூடாதா' என்று நினைத்ததுண்டா? இங்கே அதையே வாசிக்கிறார்கள். எனக்கு எல்லா உருப்படியும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் கணக்குப் பாடம் மாதிரி இருக்கும். ஆனால் வார்த்தையில்லாமல் நாற்பது நிமிடம் உட்காரப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி தெரியாது.

அடுத்தது மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959இல் நியூயோர்க்கில், தேவாலயமாக இருந்து ஸ்டூடியோவாக மாறிய ஒரு கட்டடத்தில், மார்ச்சில் ஒரு நாள், ஏப்ரலில் ஒரு நாள், இரண்டே நாளில் பதிந்தது. ஐந்து உருப்படி. ஜாஸ் என்றதும் பயப்பட வேண்டாம். முதல் உருப்படியில் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, தடித்த தந்தி வாத்தியமான பேஸ் ஒரு வரி சொல்லும். மற்றவர்கள் இரண்டே சுரத்தில் பதில் சொல்வார்கள். மறுபடி ஒரு வரி, மறுபடி இரண்டு சுரம். எனக்கு இது முதலில் புரிந்தது வில்லுப்பாட்டை வைத்துத்தான். தலைவர் கதை சொல்ல, பின்னால் இருப்பவர் 'ஆமா' போடுகிறார். அந்த 'ஆமா'வைப் பிடித்துக்கொண்டால் போதும். பிறகு ஒவ்வொருவராக எழுந்து தன் கதையைச் சொல்வார்கள். யார் ட்ரம்பெட், யார் சாக்ஸஃபோன் என்று தெரியவேண்டிய கட்டாயமில்லை.

இந்த ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு ஒரு கதை உண்டு. பதிந்த அன்று டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. ஆகவே சரியான வேகத்தில் போட்டபோது இசை நூலளவு வேகமாகவும் உயரமாகவும் ஒலித்தது. 1990களில் திருத்தும் வரை, முப்பது வருடத்துக்கு மேல் உலகம் முழுக்க அப்படித்தான் கேட்டது. இதைப் படித்தபோது எனக்கு ஒரே சிரிப்பு. கரண்ட் வராத லயத்தில் டோர்ச் பெற்றரியில் கசெட் ஓட்டியவர்கள் நாம். பெற்றரி இறங்க இறங்கப் பாடகர் தூக்கக் கலக்கத்தில் பாடுவார். பெற்றரியை வெயிலில் காயவைத்துப் போட்டால் இன்னும் இரண்டு பாட்டு ஓடும். நமக்குத் தெரிந்த பாதிப் பாட்டுகளின் உண்மையான வேகம் எது என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

மூன்றாவது, மைக்கல் ஜாக்சனின் 'த்ரில்லர்', 1982. உலகத்திலேயே அதிகம் விற்றது. ஒன்பது பாட்டு. இதைப் பற்றி நான் என்ன சொல்ல இருக்கிறது? இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முதல் பக்கத்தில் போல் மெக்கார்ட்னியோடு சேர்ந்து பாடும் காதல் பாட்டு வந்தால் தாண்டிப் போனாலும் குற்றமில்லை. பக்கமாகக் கேளுங்கள் என்று சொன்னவன் தாண்டச் சொல்கிறேனே என்றால், ஆம், சொல்கிறேன்.

பயணத்தில் ஒரு பக்கம்

டவுனிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வரும் பஸ், ஆள் ஏற்றி இறக்கி, ஒரு பக்கம் முடிகிற நேரத்தில் சரியாக வந்து சேரும். பல ஆல்பங்களை நான் பாதிப் பாதியாக இப்படித்தான் கேட்டேன், காலையில் முதல் பக்கம், மாலையில் இரண்டாம் பக்கம். இதற்கு மிகவும் ஏற்றது பொப் மார்லியின் 'எக்ஸோடஸ்'.

நம் ஊர்களில் பொப் மார்லி முகம் ஒட்டாத திரீவீலர் குறைவு. உள்ளே ஓடுவது வேறு பாட்டு, அது வேறு விஷயம். 1976 டிசம்பரில் கிங்ஸ்டனில் அவருடைய வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். காயத்தோடு இரண்டு நாள் கழித்து மேடையில் பாடிவிட்டு நாட்டை விட்டுப் போனார். லண்டனில் இருந்து செய்த ஆல்பம் 1977இல் வந்தது. முதல் பக்கம் தூரத்தில் எங்கோ தொடங்கி, நடந்து நடந்து கிட்டே வருகிற மாதிரிச் சத்தம் கூடிக்கொண்டு வரும். அந்தப் பக்கம் முழுக்க கோபம், வேதம், நீதி. கடைசியில் ஜனங்களின் பெயர்ச்சியைப் பற்றிய, ஆல்பத்தின் பெயரையே கொண்ட பாட்டு, ஏழு நிமிடத்துக்கு மேல், நிற்காமல் நடக்கிற தாளத்தில். இரண்டாம் பக்கத்தில் அதே ஆள் காதலும் ஆறுதலுமாகப் பாடுகிறார். எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகள் அந்தப் பக்கத்தில்தான்.

எனக்குப் பிடித்தது முதல் பக்கம். அந்தப் பெயர்ப் பாட்டை முதல்முறை ஹேண்ட்ஸ்ப்ரீயில் கேட்டது ரயிலில், நானுஓயா தாண்டி. தாத்தாவின் தம்பி குடும்பம் இதே பாதையால்தான் இறங்கிப் போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் நம் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். அதில் ஒரு குடும்பம். தலைமன்னார் வரை ரயில், பிறகு கப்பல். ஸ்டேசனில் அழுத அழுகையைப் பற்றிப் பாட்டி சொல்லி நாங்கள் கேட்டிருக்கிறோம். மார்லிக்கு நம்மைத் தெரியாது. அவர் பாடியது வேதாகமத்தில் உள்ள ஜனத்தைப் பற்றி, ஆப்பிரிக்காவைப் பற்றி. ஆனாலும் ரயிலின் தடதடப்பும் அந்தத் தாளமும் சேர்ந்தபோது நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இருட்டில் ஒரு பக்கம்

பிங்க் ஃபிளோய்டின் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' பகலில் கேட்க வேண்டாம். 1973இல் வந்த இந்த ஆல்பம் இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பில் முடியும். கரண்ட் போன இரவு, குப்பி விளக்கையும் ஊதி அணைத்துவிட்டு, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு படுங்கள். நடுவில் திடீரென்று பல மணிக்கூடுகள் ஒன்றாக அடிக்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது.

முதல் பக்கத்தின் கடைசியில் ஒரு பெண் குரல் வார்த்தையே இல்லாமல் கதறும், கெஞ்சும், ஓயும். கிளெயார் டோரி என்ற பாடகி. பாட்டு வரி எதுவும் கொடுக்காமல், பாடு என்றார்களாம். ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவையில்லை. அன்றைய கூலி 30 பவுண். முழு நாள் கொழுந்து எடுத்தவளுக்கு அரைநாள் கூலியாக அரைப்பேர் போட்ட கதைதான். 2004இல் வழக்குப் போட்டு, அதன் பிறகுதான் பாட்டை ஆக்கியவர்களில் ஒருவராக அவர் பெயரும் சேர்ந்தது.

இரண்டாம் பக்கம் காசுப் பெட்டிச் சத்தத்தோடு தொடங்கும். அந்தப் பாட்டுக்குக் கை தட்டிப் பாருங்கள், நாலு நாலாகத் தட்டினால் தடுமாறும். ஏழு. நம் மிஸ்ர சாபு போல 'தகிட தகதிமி' சொல்லிக்கொண்டு தட்டினால் உட்கார்ந்துவிடும். நடுவில் கித்தார் தனியாவர்த்தனம் வரும்போது நாலுக்கு மாறிவிடும், பிறகு மறுபடி ஏழு. இதைக் கண்டுபிடித்த அன்று, பஜனையில் மிருதங்கம் வாசிக்கும் பக்கத்து லயத்து அண்ணனை எழுப்பிக் காட்டினேன். அவர் இரண்டு சுற்றுத் தட்டிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு, ஆனா ஏன் இவ்வளவு மெதுவா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

அவருக்கு ஏற்றது 'சக்தி'. 1975 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு கல்லூரி மேடையில் நேரடியாகப் பதிந்து 1976இல் வந்த ஆல்பம். ஜோன் மக்லாக்லின் கித்தார், சாகிர் உசேன் தபேலா, விக்கு விநாயக்ராம் கடம், எல். சங்கர் வயலின். இந்தச் சங்கர் பிள்ளைப் பருவத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தகப்பனார் அங்கே இசை ஆசிரியராக இருந்தார். 1958 கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னைக்குப் போய்விட்டது. முதல் உருப்படி பதினெட்டு நிமிடம். வேகமென்றால் எங்கள் மலைப் பாதையில் கடைசி பஸ் இறங்குகிற வேகம், பிரேக் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றும். இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படிதான். அதை இன்னும் ஒரே மூச்சில் என்னால் முடிக்க முடியவில்லை.

பிடிக்காவிட்டால்

ஒரு பக்கத்தை இரண்டு வேறு நாட்களில் கேட்டும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்' (1967) எனக்குக் கண்காட்சிக்குப் போன மாதிரி இருக்கிறது, பார்க்க நிறைய, வாங்க ஒன்றுமில்லை. கடைசிப் பாட்டு ஒன்றுக்காக மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்டீவி வொண்டரின் 'சோங்ஸ் இன் த கீ ஆஃப் லைஃப்' (1976) இரண்டு தட்டு, நாலு பக்கம், அதுவும் போதாமல் நாலு பாட்டோடு ஒரு சின்னத் தட்டு. ஒவ்வொன்றும் நல்ல பாட்டு. ஆனால் கல்யாண வீட்டில் 'இன்னும் கொஞ்சம்' என்று இலையில் போட்டுக்கொண்டே இருக்கும் மாமியை நினைவுபடுத்தும். ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் எடுக்காதீர்கள்.

மாறாக, பிடிக்காது என்று நினைத்துத் திறந்து மாட்டிக்கொண்டவையும் உண்டு. கிளென் கூல்ட் என்ற கனடாக்காரர் பியானோவில் வாசித்த பாஹின் 'கோல்ட்பெர்க்' அப்படி ஒன்று. ஒரு மெட்டு, அதன்மேல் முப்பது மாற்றம், கடைசியில் மறுபடி அதே மெட்டு. இவர் இதை இரண்டு தடவை பதிந்தார். 1955இல் இளைஞனாக, சுமார் 38 நிமிடத்தில், ஓட்டமும் நடையுமாக. 1981இல், சாவதற்கு முந்தைய வருடம், 51 நிமிடத்தில். இரண்டும் மைல்ஸ் டேவிஸ் பதிந்த அதே பழைய தேவாலயக் கட்டடத்தில்தான். செய்ய வேண்டியது இவ்வளவே: முதல் மெட்டை மட்டும் இரண்டு பதிவிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அதே சுரங்கள், வேறு வயது. உன்னிப்பாகக் கேட்டால் பியானோவுக்குப் பின்னால் அவர் தனக்குள் முனகுவதும் கேட்கும். கொழுந்து எடுக்கும்போது தனக்குள் பாடிக்கொள்வார்களே, அதே முனகல்.

மாயாவின் 'கலா' இன்னொன்று. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் ஈழத்துப் பெண், முதல் ஆல்பத்துக்குத் தகப்பன் பெயர் வைத்தார், 2007இல் வந்த இரண்டாவதுக்குத் தாயின் பெயர். பழைய எல்.பி. காலத்து ஆல்பம் அல்ல, பக்கக் கணக்கு இங்கே செல்லாது. ஆனால் அதற்குள் உறுமி இருக்கிறது. மாசியில் காமன் கூத்துக்குத் தப்பும் உறுமியும் கேட்டு வளர்ந்த காது, ஆங்கிலப் பாட்டுக்கு நடுவில் அந்தச் சத்தம் வந்ததும் நிமிர்ந்துவிடும். தம்பி மகளுக்கு இது பிடிக்கும். எனக்குப் பாதிதான்.

ஒரு குறிப்பு, அபே ரோட் கேட்பவர்களுக்கு. கடைசிப் பாட்டு முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் மௌனம் இருக்கும், பிறகு அரை நிமிடம்கூட இல்லாத ஒரு குட்டிப் பாட்டு வரும். அதுவும் பாதியில் அறுந்த மாதிரி முடியும். கடைக்காரர் மேல் பழி போடாதீர்கள்.

வீட்டாரோடு கேட்பது

தனியாகக் கேட்டுப் பழகிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றில் போடுங்கள். இதற்கு நான் சொல்வது 'கால் ஆஃப் த வேலி'. 1967இல் மூன்று இளைஞர்கள் செய்தது. சிவகுமார் சர்மா சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல், பிரிஜ்பூஷண் கப்ரா கித்தார். காஷ்மீர் மலையில் ஆடு மேய்க்கும் ஒருவனின் ஒரு நாள், விடியலில் தொடங்கி இரவு வரை, அந்தந்த வேளைக்கு உரிய ராகங்களில். விடியலுக்கு அஹிர் பைரவ், கடைசியில் பஹாடி. பஹாடி என்றாலே மலைக்குரியது. சந்தூர் என்பது நூறு தந்தி கட்டிய பெட்டி, இரண்டு மெல்லிய மரக் குச்சியால் தட்டுவார்கள். தகரத்தில் முதல் மழைத்துளிகள் விழுகிற சத்தம், மழை வலுக்க முன்.

முன்கூட்டியே அதிகம் விளக்காதீர்கள். ராகப் பெயர் சொல்லாதீர்கள். 'இது ஒரு ஆட்டுக்காரனோட ஒரு நாள்' என்று மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். முப்பத்தைந்து வருடம் மலையில் கொழுந்து எடுத்து, மடுவத்தில் நிறுவை போட்டுக் கொடுத்த அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முதல் பக்கம் முழுக்க ஒன்றும் பேசவில்லை. நடுவில் நிறுத்தி நான் தேத்தண்ணி ஊற்றப் போனபோது, "என்னா, முடிஞ்சிருச்சா? இன்னும் இருட்டலயே," என்றார். இரண்டாம் பக்கம் போட்டேன். குழல் ஆறுதலாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவின் கை நின்றது.

"டேய் தம்பி, இவன் மடுவத்துக்கு எப்ப வர்றான்?"

"ஆட்டுக்கு நிறுவை எல்லாம் இல்லம்மா."

"அதான பாத்தேன்," என்று மறுபடி கீரையை எடுத்தார். "இல்லாட்டி இப்புடி நடப்பானா?"